கலியாண ஓம்

சிட்னியின் பென்டில் ஹில்லில், ரயில்பாதைக்குப் பக்கத்துத் தெருவில், அரியரத்தினம் வீட்டில் மட்டும் புழங்கிய ஒரு சொல் உண்டு. கலியாண ஓம். வாய் ஓம், அதாவது ஆமாம், என்று சொல்லும், உள்ளே அதற்கு ஒரு ஆதாரமும் இருக்காது. அப்படிப்பட்ட ஓமுக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். குழாய் திருத்துகிறவன் நாளைக் காலை எட்டு மணிக்கு நிச்சயம் வருகிறேன் என்று சொன்னால், அரியரத்தினத்தின் மனைவி சிவனேஸ்வரி போனை வைத்துவிட்டு "கலியாண ஓம்" என்பார். மகள் கலா வீட்டுப்பாடம் முடிந்துவிட்டது என்று இங்கிலிஷில் சொன்னாலும் அதே சொல்தான். சிறுநீரகம் கொஞ்சம் களைத்துப் போயிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் முதல்முதலாகச் சொன்ன அன்று, சிவனேஸ்வரி காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, நேரே பார்த்தபடி அதே சொல்லைச் சொன்னார்.

இந்தச் சொல்லுக்குக் காரணகர்த்தா அரியரத்தினம்தான். அது பிறந்தது அவர்களுடைய கலியாண வீட்டு முற்றத்தில்.

1983 ஆவணி மாதம். நாள் குறித்தது வைகாசியில். ஆடியில் என்ன வரப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளைக்குக் கொழும்பில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை. ஆடிக் கலவரத்தில் அவர் குடியிருந்த வீட்டை எரித்தார்கள். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஆயிரம் பேரோடு பத்து நாள் கிடந்து, சாமான் ஏற்றும் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது இடுப்பில் இருந்த சாரம்கூட இரவல். பெண் கொக்குவிலில் கணக்கு ரீச்சர். கலியாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று பெரியவர்கள் முணுமுணுத்தபோது, "நாள் குறிச்சாச்சு, மாப்பிளை உயிரோட வந்திட்டார், பிறகென்ன?" என்று குசினிக்குள் இருந்து கேட்டது அந்தப் பெண்தான்.

தாலி கட்டி, அம்மி மிதித்து, ஐயர் இருவரையும் முற்றத்துக்குக் கூட்டிவந்து வடக்கே கையைக் காட்டினார். காலை பதினொரு மணி. வெயில் கண்ணைக் குத்துகிறது.

"அந்தா அருந்ததி. தெரியுதோ?"

உலகத்தில் கலியாணம் கட்டிய எல்லா மாப்பிள்ளையும் சொன்னதைத்தான் அரியரத்தினமும் சொன்னார். "ஓம்."

"பிள்ளைக்கும் தெரியுதோ?"

"இல்லை," என்றார் சிவனேஸ்வரி.

ஐயர் காதில் விழாதவர் போல மறுபடியும் கேட்டார். சிவனேஸ்வரி விடவில்லை. "தெரியேல்லை ஐயா. பகல்ல என்னெண்டு நட்சத்திரம் தெரியும்?"

"தெரியுது எண்டு சொல்லம்மா. அதுதான் முறை."

"தெரியாததைத் தெரியுது எண்டு சொல்லுறது என்ன முறை?"

சின்னம்மா ஒருவர் பின்னால் நின்று இடுப்பில் கிள்ளினார். யாரோ சிரித்தார்கள். ஐயருக்கு இன்னொரு கலியாணம் இருந்தது. நேரத்தைப் பார்த்தார், தண்ணீரைத் தெளித்தார், உள்ளே கூட்டிப்போய்விட்டார். சபையில் ஒரு பெண் இப்படி வாயைத் திறந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு மாதம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிவனேஸ்வரிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவருக்கு வேறொரு கவலை இருந்தது, அதை அன்றிரவே கேட்டுவிட்டார்.

"நீங்கள் ஏன் ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"எல்லாரும் சொல்லுறதுதானே."

"எல்லாரும் சொல்லட்டும். நீங்கள் எனக்கு முன்னால சொன்ன முதல் சொல் பொய்."

சிவனேஸ்வரி விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அரியரத்தினம் நினைத்தார். இருட்டில் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒரு நாள் இரவில உம்மை வெளியில கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்," என்றார். ஆனால் அந்த மாதங்களில் ஆறு மணிக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் யார் முற்றத்தில் நின்று வானம் பார்த்தார்கள்? தெருவில் ட்ரக் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு உள்ளறையில் குந்தியிருப்பார்கள். ஐந்து மாதம் கழித்து அவர் சிட்னிக்குப் போய்விட்டார். சிவனேஸ்வரி இரண்டு வயதுக் கலாவோடு வந்து சேர்ந்தது 1986 இல்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே கேட்டார். "இஞ்ச ட்ரக்கும் இல்லை, ஆமியும் இல்லை. இப்ப காட்டுங்கோ."

அரியரத்தினம் ரயில்வேயில் சேர்ந்திருந்தார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் தொலைபேசிக் கம்பிகளும் சிக்னல் கம்பிகளும் அவர் பொறுப்பு. வேலை முடிந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே பின்வளவில் நின்று வடக்கே தேடினார். ஒரு வாரம் தேடினார். இரண்டு வாரம் தேடினார். கடைசியில் பரமட்டா நூலகத்தில் ஒரு புத்தகத்தை விரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அருந்ததி வடவானத்து நட்சத்திரம். சிட்னிக்காரனுக்கு அது கிடையாது.

"அது இஞ்ச வராது," என்று வந்து சொன்னார்.

சிவனேஸ்வரி சோறு போட்டுக்கொண்டிருந்தவர் அகப்பையை நிறுத்தினார். "அப்ப இந்த ஊரில ஒருத்தரும் கலியாணம் கட்டேல்லை."

இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஆனாலும் அரியரத்தினத்துக்குள் அது ஒரு முள்ளாக இருந்துவிட்டது. அந்த நூலகப் புத்தகத்தை மூன்று முறை நீட்டித்தார். பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினார். பிறகு ஒரு இருகண் நோக்கி. இப்படித்தான் அவருக்கு வானப் பைத்தியம் பிடித்தது. அவரவர் கோயில் கமிட்டி, கிரிக்கெட் என்று போனபோது இவர் பின்வளவில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அந்தப் பைத்தியத்தின் வழியாகத்தான் சூசை அறிமுகமானார்.

சூசை மலேசியத் தமிழர், குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு, வானம் பார்க்கிற ஒரு சங்கத்தில் பழைய உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போகிறவர். அருந்ததிக் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர். அவர்தான் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, வரவே வராதுன்னு சொல்ல முடியாது. வருது. நம்ம ஊர்ல வடக்கால, தரைக்கு மேல ஒரு விரல் தடிப்புக்கு. அந்த உயரத்துல தூசியும் புகையும் வெளிச்சத்தைத் தின்னுடும். கண்ணுக்குத் தெரியாது. டெலஸ்கோப்புக்கு ஒருவேளை தெரியலாம்."

ஒரு விரல் என்று வீட்டில் போய்ச் சொன்னபோது சிவனேஸ்வரி தன் சுண்டுவிரலை நீட்டிப் பார்த்தார். "இருக்கட்டும். அவசரமில்லை," என்றார்.

அவசரமில்லாமலே இருபது வருடம் போயிற்று. சிவனேஸ்வரி முதலில் பிஸ்கட் தொழிற்சாலையில் பொதி கட்டினார், பிறகு பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்தார். கணக்கு ரீச்சர் என்பதை இந்த நாடு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் அழவில்லை, ஆனால் கடைச் சிட்டையைக் கூட்டிப் பார்க்காமல் பையில் போட்டதும் இல்லை. கலா படித்தாள், 2006 இல் கலியாணம் கட்டி மெல்பேர்னுக்குப் போனாள். அந்தக் கலியாணத்தில் ஐயர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மண்டபத்து முகட்டைக் காட்டி, "அருந்ததி தெரியுதா?" என்று கேட்க, கலா "யெஸ்" என்றாள். முன்வரிசையில் இருந்து "கலியாண ஓம்" என்று ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதை வாழ்த்து என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

அடுத்த வருடம் சிவனேஸ்வரியின் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு முறையும் ஐந்து மணி நேரம் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு. அரியரத்தினம் வேலையை விட்டார். அவருடைய ஒவ்வொரு நாளும் அந்த இயந்திரத்தின் நாளாக மாறியது.

2009 மே மாதம். ஊரிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டுத் தமிழ் வீடுகள் எல்லாம் செத்த வீடாகிக் கிடந்த மாதம் அது. யாருக்கு யார் போன் எடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உறைந்திருந்தார்கள். அந்த மாதக் கடைசியில், சிவனேஸ்வரி இயந்திரத்தோடு இருந்த நேரம், டாக்டர் அரியரத்தினத்தை வெளியே கூப்பிட்டார். இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, இந்த வருடம் முடிவதே கஷ்டம் என்று சொன்னார். மனைவிக்கு எப்போது சொல்லலாம் என்று நீங்களே யோசியுங்கள் என்றும் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் இந்தப் பாரத்தை ஒரு மனிதன் தலையில் ஏற்றிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

அன்று பின்னேரம் வீட்டில், கதிரையில் சாய்ந்தபடி சிவனேஸ்வரி கேட்டார். "டொக்டர் உங்களைத் தனியக் கூப்பிட்டவர். நான் தேறி வந்திடுவனோ?"

அரியரத்தினம் வாயைத் திறந்தார். ஓம் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்பதும் தெரிந்திருந்தது. அதைவிட மோசம், பதில் வராமல் அவர் வெறுமனே சிரித்துவிட்டால்? "மருந்தை மாத்தப் போகினமாம்," என்று எதையோ சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் போட்டார். இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில் தன்னுடைய ஓமுக்கு மதிப்பில்லை என்பது வேடிக்கையாக இருந்தது. அன்று வேடிக்கையாக இல்லை. இனி மிச்சமிருக்கிற நாட்களில் தான் சொல்கிற ஒன்றையாவது இந்தப் பெண் நம்ப வேண்டும். அதற்கு முதலில் அந்தப் பழைய ஓமை உண்மையாக்க வேண்டும். மனிதன் துக்கத்தில் யோசிக்கிற யோசனை இப்படித்தான் சுற்றி வளைத்துப் போகும். அவர் சூசைக்குப் போன் எடுத்தார்.

சூசை தன் டெலஸ்கோப்பையும் அதைத் தாங்கித் திருப்புகிற மோட்டார் தாங்கியையும் அடுத்த நாளே கொண்டுவந்து இறக்கினார். தாங்கியோடு ஒரு கைப்பெட்டி வரும். நட்சத்திரத்தின் பெயரைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால் மோட்டார் உறுமிக்கொண்டு குழாயை அந்த இடத்துக்குத் திருப்பும். அரியரத்தினம் அருந்ததியைத் தேர்ந்து அழுத்தினார். கைப்பெட்டி சின்னத் திரையில் மறுத்தது: மிகத் தாழ்வு.

"அதுக்குப் பத்துப் பாகைக்குக் கீழ போகக் கூடாதுன்னு கட்டளை போட்டு வச்சிருக்கான்," என்றார் சூசை. "குழாய் போய்த் தாங்கியோட காலுல இடிச்சுக்கும்னு பயம். நீங்க இதைக் கேட்டுக்கிட்டே இருந்தா விடிஞ்சிடும். கம்ப்யூட்டரோட கேபிள் போட்டு இணைச்சிட்டா, கம்ப்யூட்டர் சொல்றபடி எங்க வேணாலும் போகும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தெற்கால தலைக்கு மேல அருமையான இரட்டை நட்சத்திரம் ஒண்ணு இருக்கு. கண்ணாடியில பார்த்தா பளிச்சுனு ரெண்டு. அதைக் காட்டி இதுதான் அருந்ததின்னு சொல்லிடுங்க. அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

அரியரத்தினம் அவரை முறைத்துப் பார்த்த பார்வையில் சூசை தேத்தண்ணீரைக் குடித்து முடிக்காமலே எழுந்துவிட்டார். வாசலில் நின்று, "நான் ஒரு மடையன் அண்ணே," என்றார். அதுவும் உண்மைதான், அன்றைக்கு மட்டும்.

கலா விட்டுப்போன பழைய தடித்த லாப்டொப் ஒன்று அலமாரியில் கிடந்தது. முதுகில் ஒன்பது ஊசி உள்ள சீரியல் போர்ட் இருந்தது. கைப்பெட்டியின் அடியிலோ தொலைபேசிச் செருகிக்கு இருக்கிற மாதிரி ஒரு குழி. அதைப் பார்த்ததும் அரியரத்தினத்துக்கு முகம் மலர்ந்தது. வாழ்நாள் முழுக்கத் தொலைபேசிக் கம்பியோடு புரண்டவருக்கு இது என்ன பெரிய வேலை? கேபிளைக் கடையில் தேடவில்லை, தானே செய்தார். சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, தொலைபேசி வயரை வெட்டி, ஒரு முனையில் செருகியை நெரித்து, மறுமுனையில் ஒன்பது ஊசிச் சொக்கெட்டில் மூன்று வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். போர்ட்டில் செருகினார். திரையில் "இணை" என்பதை அழுத்தினார்.

பதில் இல்லை.

ஈயத்தைக் கழற்றித் திரும்பப் பற்றவைத்தார். தகவல் ஓடும் வேகத்தை மாற்றினார். மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டார். பதில் இல்லை. கம்பியில் ஒரு அறுப்பும் கிடையாது, மீட்டர் வைத்து மூன்று தடவை பார்த்தாயிற்று. ஒரு வாரம் இப்படியே போயிற்று. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜூன் பிறந்துவிட்டது, அருந்ததி வடக்கே உச்சிக்கு வருகிற நேரம் நாளுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்டே போகும், ஜூலை நடுவில் பொழுது படுகிற வெளிச்சத்துக்குள் அகப்பட்டுவிடும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. அதை அவரால் யாருக்கும் சொல்லவும் முடியாது.

சிவனேஸ்வரிக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது, மேசையில் நடக்கிற வேலை எதற்கென்று. ஒரு ஞாயிறு மத்தியானம் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் அனுமதித்த அளவு தண்ணீரைச் சின்னக் கிளாசில் வைத்து நனைத்து நனைத்துக் குடித்துக்கொண்டு, "இந்த மூண்டு வயரும் என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"ஒண்டு பூமி. ஒண்டு சொல்லுற வயர். மற்றது கேக்கிற வயர்."

"எந்த வயரை எதோட கட்டியிருக்கிறியள்?"

"இதென்ன கேள்வி? சொல்லுறதைச் சொல்லுறதோட, கேக்கிறதைக் கேக்கிறதோட. நிறத்துக்கு நிறம். முப்பது வருசமா அப்பிடித்தானே."

சிவனேஸ்வரி கிளாசை வைத்தார். கணக்கு ரீச்சர் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற பார்வை. "உங்கட வாயை அவன்ர வாயோட கட்டியிருக்கிறியள். உங்கட காதை அவன்ர காதோட. ரெண்டு பேரும் கத்துறியள், ரெண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறியள். ஆர் சொல்லுறது ஆருக்குக் கேக்கும்?"

அரியரத்தினம் கையில் இருந்த கேபிளைப் பார்த்தார். தொலைபேசிக் கம்பத்திலும் தண்டவாளத்திலும் நிறத்துக்கு நிறம் கட்டிக் கட்டிப் பழகிய கை, இங்கே குறுக்கே மாற்றிக் கட்ட வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. இது படித்தவனுக்கு முதல் நாள் பாடம். ஈயக்கோலைச் சூடாக்கினார். இரண்டாவது ஊசியில் இருந்ததை மூன்றாவதில், மூன்றில் இருந்ததை இரண்டில். சிவனேஸ்வரி வயரைப் பிடித்துக்கொண்டார். இயந்திர ஊசி போட்டுப் போட்டு அந்தக் கை முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. ஆனால் அசையாமல் பிடித்தது.

"இணை" என்பதை அழுத்தியதும் தாங்கி விழித்துக்கொண்டு ஒரு தரம் கீச்சிட்டது.

"கேட்டிட்டுது," என்றார் சிவனேஸ்வரி.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அருந்ததிக்குப் போ என்று சொன்னதும் குழாய் கம்பீரமாக எழுந்து வடக்கே நடுவானத்தைப் பார்த்து நின்றது. தொடுவானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இடத்தைக் கேட்ட பெட்டியில் அரியரத்தினம் முப்பத்துமூன்று பாகை ஐம்பது என்று அடித்து, பக்கத்தில் வடக்கு என்று போட்டிருந்தார். இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து இருபது வருடம் தாண்டியும், நாங்கள் தெற்கில் இருக்கிறோம் என்பதை அவர் விரல் ஒத்துக்கொள்ளவில்லை. தெற்கு என்று மாற்றினார். குழாய் இறங்கி இறங்கி வந்து, பக்கத்து வீட்டு வேலியைக் குறிபார்த்து நின்றது.

வேலி இல்லாத இடம் வேண்டும். வடக்கே போகப் போக அருந்ததி உயரும். மூன்று மணி நேரம் ஓடினால் ஒரு விரல் இரண்டு விரலாகும். மசல்புரூக் பக்கம் வடக்கே திறந்த ஒரு மேட்டு நிலம் சூசைக்குத் தெரிந்த இடம். அவரே வரைபடம் கீறிக் கொடுத்தார், தானும் வருகிறேன் என்றார். அரியரத்தினம் வேண்டாம் என்றார். ஜூன் கடைசிச் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை இயந்திரம் முடிந்த அடுத்த நாள், சிவனேஸ்வரிக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கிற நாள்.

மேட்டில் ஏறியபோது மணி ஐந்தரை. பொழுது பட்டுவிட்டது, குளிர் எலும்பைப் பிடித்தது. சிவனேஸ்வரியைக் கம்பளியில் சுற்றி மடக்குக் கதிரையில் இருத்திவிட்டு அரியரத்தினம் தாங்கியை நிறுத்தினார், மட்டம் பார்த்தார், லாப்டொப்பைக் காரின் முன்மூடியில் வைத்தார், கேபிளைச் செருகினார். தாங்கிக்குத் திசை காட்டிக்கொடுக்கத் தெரிந்த இரண்டு நட்சத்திரம் வேண்டும். முதலில் சித்திரை. பிறகு, வடக்கே பெரிதாக மஞ்சளாக நின்ற சுவாதி.

"இது உம்மட நட்சத்திரம். பாரும்."

சிவனேஸ்வரி குனிந்து கண்ணை வைத்தார். "ஓம், தெரியுது," என்றார். "நல்லா எரியுது. என்னைவிடத் தெம்பா இருக்கு."

சுவாதியில் குழாய் நூல் பிசகாமல் நின்றது. இனி அங்கிருந்து நேரே கீழே. ஏழு மணிக்கு அருந்ததி உச்சத்தில் நிற்கும். அரியரத்தினம் லாப்டொப்பில் பெயரை அடித்தார். சொக்கெட் கொஞ்சம் ஆடியதால் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அழுத்தினார். மோட்டார் உறுமியது. குழாய் மெல்ல மெல்லத் தாழ்ந்து, தரையோடு தரையாக வடக்கைப் பார்த்து நின்றது. கைப்பெட்டி வாயைத் திறக்கவில்லை. கேபிள் சொன்னதை அது கேட்டுக்கொண்டது.

"பெரிய ஒண்டு தெரியும், அது வசிட்டர். பக்கத்தில சின்னனா ஒண்டு. அதுதான்," என்றார். திரை வெளிச்சத்தில் அவருக்குக் கண் கூசிப்போயிருந்தது. சிவனேஸ்வரி குனிகிற நிழல் மட்டும்தான் தெரிந்தது. "தெரியுதோ?"

சிவனேஸ்வரி கண்ணாடியில் கண்ணை வைத்தபடி நீண்ட நேரம் நின்றார். ஒரு தரம் நிமிர்ந்து புருசனைப் பார்த்தார். அந்த மனுசன் ஒரு கையில் சொக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, குளிரில் பல் அடிக்க, பரீட்சை மறுமொழிக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். சிவனேஸ்வரி மறுபடியும் குனிந்தார்.

"ஓம்," என்றார். "தெரியுது."

அரியரத்தினம் சொக்கெட்டை விட்டார், கண்ணைத் துடைத்தார், காரில் சாய்ந்து நின்று அழுதார். இருபத்தாறு வருடம். வெட்கமில்லாமல் அழுதார். பிறகு தானும் பார்க்க வேண்டும் என்று வந்து குனிந்தார்.

கண்ணாடிக்குள் சாம்பல் நிறம். வேறொன்றும் இல்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். சாம்பல். குழாய் பிசகிவிட்டதா என்று நிமிர்ந்து வடக்கே பார்த்தார். இருட்டுக்குக் கண் பழகப் பழகத் தெரிந்தது. பள்ளத்தாக்கில் இருந்து எழும்பிய பனிப்புகார், வடக்குத் தொடுவானம் முழுக்க ஒரு கை உயரத்துக்குச் சுவராக நின்றது. இப்போது வந்ததல்ல; தாங்கியை நிறுத்துகிற நேரமே எழும்பத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்குள் நட்சத்திரம் அல்ல, மலைகூடத் தெரியாது. தெரியாததைத் தெரியுது என்று தன் வாழ்நாளில் ஒரு தரமும் சொல்லாத பெண், அவருக்காக முதல்முதலாகச் சொல்லியிருக்கிறார்.

பின்னால் இருந்து குரல் வந்தது, அந்த ஐயர் கேட்ட அதே கேள்வி. "உங்களுக்குத் தெரியுதோ?"

ஓம் என்று சொல்லலாம். அது சிவனேஸ்வரி கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்வது. இருவரும் எல்லாரையும் போல ஒரு கலியாண ஓமோடு வீட்டுக்குப் போகலாம். அரியரத்தினத்துக்கு அது வாய்வரை வந்தது.

"இல்லை சிவனேஸ்," என்றார். "எனக்குத் தெரியேல்லை."

கம்பளிக்குள் இருந்து சிரிப்பு வந்தது. இருமலோடு கலந்த சிரிப்பு, நிற்கவே இல்லை. "இருபத்தாறு வருசம் எடுத்திருக்கு உங்களுக்கு," என்றார் சிவனேஸ்வரி.

"நீர் ஏன் ஓம் எண்டனீர்?"

"எல்லாரும் சொல்லுறதுதானே," என்றார். அரியரத்தினமும் சிரித்தார், சிரித்துக்கொண்டே போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். புல் பனியில் நனைந்திருந்தது. வீங்கிய அந்தக் கையை எடுத்துத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப இதையும் சொல்லுங்கோ," என்றார் சிவனேஸ்வரி. குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "டொக்டர் உங்களுக்குத் தனிய என்ன சொன்னவர்?"

அரியரத்தினம் வடக்கே அந்தப் பனிப்புகாரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இதயம் ஏலாமல் போச்சுதாம். இந்த வருசம் முடியிறது கஷ்டமாம்."

சிவனேஸ்வரி அதைக் கேட்டார். முழுவதும் கேட்டார். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஓம்," என்றார். "எனக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சுது. நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான்."

பிறகு கலாவுக்கு யார் சொல்வது என்று இருவரும் கதைத்தார்கள். நான் சொல்கிறேன் என்று சிவனேஸ்வரிதான் சொன்னார். தலைக்கு மேலே, தெற்கே, சூசை சொன்ன அந்த இரட்டை நட்சத்திரம் பிரகாசமாக நின்றது. இருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கலியாணம் முடிஞ்சுது. எழும்புங்கோ," என்றார் சிவனேஸ்வரி. "கேபிளைச் சுத்துங்கோ. குளிருது."

அரியரத்தினம் எழுந்து போய் லாப்டொப்பை மூடினார். சொக்கெட்டைக் கழற்றி, வயரை முழங்கையில் போட்டுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, கோட்டுப் பையில் வைத்தார்.